ஒற்றைக் குண்டு

ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் 1823இல் வெளியிட்ட 'தி பயனியர்ஸ்' நாவல், செத்து விழுந்த ஒரு மானைச் சுற்றி நடக்கும் வழக்கோடு தொடங்குகிறது. காலம் 1793, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். நியூயார்க் மாநிலத்து மலைக்காட்டுப் பாதையில், தம் பெயரால் ஓர் ஊரையே எழுப்பிய நீதிபதி டெம்பிள் மகளுடன் பனிவண்டியில் வந்துகொண்டிருக்கிறார். வேட்டைநாய்களின் குரல் கேட்கிறது. கலைமான் ஒன்று பாதையில் பாய்கிறது. நீதிபதி தம் இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்து ரவைகளைப் பொழிகிறார். காட்டுக்குள்ளிருந்தும் வெடியோசை எழுகிறது. மான் விழுகிறது. மரங்களுக்கு இடையிலிருந்து நாட்டி பம்ப்போ என்ற முதிய வேடனும் ஓர் இளைஞனும் வெளிப்படுகிறார்கள். இப்போது மான் யாருக்கு?

விசாரித்துப் பார்த்தால் நீதிபதியின் ரவைகள் மரத்தில் பதிந்திருக்கின்றன. ஒன்று மட்டும் அந்த இளைஞனின் தோளில் இருக்கிறது. மானைக் கொன்றது நீதிபதி அல்லர்.

பழைய புத்தகக் கடையில் வாங்கிய அட்டை கிழிந்த பிரதியில் இந்த அத்தியாயத்தை முதன்முறை படித்தபோது, இதை நிலவுடைமையாளனுக்கும் ஏழைக்கும் இடையிலான சொத்துத் தகராறு என்றே எடுத்துக்கொண்டேன். அந்த வாசிப்பு தவறன்று. ஆனால் அது பாதி வாசிப்பு என்பது, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் பென்சில்வேனியாவில் என் தங்கை வீட்டில் தங்கியிருந்தபோதுதான் புரிந்தது. அந்தத் தகராறு மானைப் பற்றியது மட்டுமன்று, துப்பாக்கியைப் பற்றியதும்கூட. பல ரவைகளை ஒரே நேரத்தில் பொழிகிறவனுக்கும் ஒற்றைக் குண்டோடு காத்திருப்பவனுக்கும் இடையில் இருக்கும் வேற்றுமையைத்தான் கூப்பர் முதல் அத்தியாயத்திலேயே பனியில் விரித்து வைக்கிறார்.

*

தங்கையின் பக்கத்து வீட்டுக்காரர் எழுபதைக் கடந்த தச்சர், ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கணப்பு அடுப்பின் மேல் ஆளுயரத்தில் ஒரு துப்பாக்கி மாட்டியிருந்தது. மேப்பிள் மரக் கட்டை. அதில் புலிவரி போல் அலையலையாக ரேகைகள். பழம்பொருள் என்று நினைத்தேன். உதிரிப் பாகங்களை வரவழைத்துத் தாமே இழைத்துக் கோத்தது என்றார். பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கொல்லர்கள் வார்த்தெடுத்த நீண்ட துப்பாக்கியின் மறுபதிப்பு அது. பென்சில்வேனியாவில் பிறந்து, கென்டக்கித் துப்பாக்கி என்று பெயர் வாங்கிய வகை.

"கிறிஸ்துமஸ் முடிந்ததும் இதற்கு வேலை வந்துவிடும்" என்றார்.

பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குப் பல பருவங்கள் உண்டு. அக்டோபரில் வில்லுக்கு, நவம்பர் கடைசியில் நவீனத் துப்பாக்கிகளுக்கு. எல்லாம் ஓய்ந்தபின், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு தொடங்கி ஜனவரிக்குள் நீளும் ஒரு பின்பருவம் இருக்கிறது. அதில் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி மட்டுமே அனுமதி. அதிலும் சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பும் பழைய வகை மட்டும். 1974இல் தொடங்கிய ஏற்பாடு இது.

அந்தத் துப்பாக்கி இயங்கும் முறையை அவர் எனக்குக் காட்டினார். ஒவ்வொரு படிக்கும் நம்மிடம் ஒரு சொல் இருப்பது எனக்கு வியப்பாக இருந்தது. அளந்த மருந்தை முதலில் குழலின் வாயில் கொட்டுகிறார். வெடித்தூளை மருந்து என்று சொல்லும் மொழி நம்முடையது. எண்ணெய் தோய்ந்த சிறு துணித் துண்டில் ஈயக் குண்டை வைத்துக் குழலுக்குள் அழுத்துகிறார். அரை அங்குல விட்டம், பன்னிரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவான எடை. நீண்ட கோலால் அதை அடிவரை இடித்து இறக்குகிறார். பிறகு பக்கவாட்டில் உள்ள சிறு கிண்ணத்தில் இன்னும் நுண்ணிய மருந்தைச் சிட்டிகையளவு இட்டு மூடுகிறார். கல்லைக் கவ்விப் பிடித்திருக்கும் உறுப்பு பின்னோக்கி இழுபட்டு நிற்கிறது. தமிழில் அதற்குக் குதிரை என்று பெயர். விசையை அழுத்தினால் குதிரை முன்னே பாய்கிறது, கல் எஃகில் உரசுகிறது, பொறி கிண்ணத்தில் விழுகிறது, அந்தத் தீ பற்றுவாய் என்னும் ஊசித்துளை வழியே குழலுக்குள் நுழைகிறது. அதன்பின்தான் வெடி.

இதில் ஏதேனும் ஒரு கண்ணியில் ஈரம் பட்டாலும் எதுவும் நடக்காது. எல்லாம் சரியாக நடந்தாலும் விசைக்கும் வெடிக்கும் இடையில் ஓர் இமைப்பொழுது இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் கண்ணெதிரே தீ சீறும்போதும் கை அசையாமல் இருக்க வேண்டும். அடுத்த குண்டு கெட்டிக்க அரை நிமிடம், குளிரில் விரல் விறைத்தால் ஒரு நிமிடம். மான் அதற்குள் அடுத்த மலைக்குப் போய்விடும்.

கரிமருந்தில் நான்கில் மூன்று பங்கு வெடியுப்பு. பென்சில்வேனியாவின் தென்கிழக்கு எல்லையை அடுத்து, டெலவேரின் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் 1802இல் டூபாண்ட் நிறுவிய மருந்தாலை, இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த வெடியுப்பைத்தான் பல்லாண்டுகள் பயன்படுத்தியது. பீகாரின் மண்சுவர்களிலும் பழந்தரைகளிலும் சுரண்டி எடுத்துக் காய்ச்சிய உப்பு. அந்நாளைய அமெரிக்கக் காடுகளின் மான்களில் சில நம் மண்ணின் உப்பால் இறந்திருக்கும் என்பதைப் பெரியவரிடம் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் நீங்களும் ஒரு நாள் வந்து பார்க்கலாம்" என்றார். நிபந்தனை விதித்தார்: எதையும் சுமக்கக் கூடாது, மானை விரட்டக் கூடாது, சுட்டிக்காட்டக்கூடக் கூடாது, உட்கார்ந்திருக்கலாம்.

"அண்ணா, மெட்ராஸிலே ஆட்டுக்கறிக் கடைப் பக்கம்கூடப் போகமாட்டியே, நீயா போறே?" என்றாள் தங்கை.

போனேன்.

*

ஜனவரித் தொடக்கம். விடியுமுன் ஏறினோம். ஆரஞ்சு நிறத் தொப்பி ஒன்றை எனக்குத் தந்திருந்தார். அந்தக் காலத்துக்குள் மான்கள் மூன்று மாதமாக மனிதர்களை அறிந்துவிட்டிருக்கும். நவம்பரின் இணைசேர்க்கைக் காலத்தில் உண்ணாமல் அலைந்து இளைத்த ஆண்மான்கள், கொம்புகளை உதிர்க்கத் தொடங்கும் நேரம். திறந்த வெளிகளுக்கு அவை வருவதில்லை. குளிரிலும் இலை உதிராத லாரல் புதர்களின் அடர்த்தியில் பகலைக் கழிக்கின்றன. அந்தப் புதருக்கும் ஹெம்லாக் மரங்களுக்கும் இடையே ஒரு வழி இருந்தது. பனியில் குளம்புத் தடங்கள். அதற்கு மேற்கே, காற்று எங்கள் முகத்தில் படும்படி ஒரு சாய்ந்த மரத்தின் பின்னே அமர்ந்தோம். துப்பாக்கியின் பொறியமைப்பைத் தோல் உறையால் மூடி மடியில் வைத்துக்கொண்டார். மாட்டு முழங்கால் என்று அந்த உறைக்குப் பெயராம்.

நான்கு மணிநேரம் எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காமல் நான்கு மணிநேரம் உட்கார்ந்திருந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எண்ணிப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

பிறகு மூன்று மான்கள் வந்தன. முதலில் அவை வந்ததாகத் தெரியவில்லை. சாம்பல் நிற மரங்களில் ஒன்று அசைந்ததாகத்தான் தெரிந்தது. எழுபது எண்பது அடி தூரத்தில் நின்றன. பெரியவர் உறையை நீக்கியதும், குதிரையை இழுத்ததும், கட்டையைக் கன்னத்தில் சேர்த்ததும் மிக மெதுவாக நடந்தன. அவருடைய மூச்சு புகைவதை நிறுத்தியது. முன்னால் நின்ற மான் விலா தெரியத் திரும்பியது.

கல் உரசியது. கிண்ணத்தில் தீ குபுக்கென்று எழுந்தது. வெண்புகை. அவ்வளவுதான். குழலுக்குள் தீ போகவில்லை.

மான்கள் ஓடவில்லை. அதுதான் இன்றுவரை என் நினைவில் நிற்பது. தலையைத் தூக்கி, புகை எழுந்த இடத்தை நேராகப் பார்த்தன. முன்னால் நின்றது ஒருமுறை மூக்கால் சீறியது, முன்னங்காலால் பனியைத் தட்டியது. பிறகு வால்கள் வெள்ளைக் கொடிகளாக உயர, மூன்றும் புதருக்குள் போய்விட்டன.

ஆங்கிலத்தில் 'ஃபிளாஷ் இன் த பேன்' என்ற தொடர், தோன்றிய வேகத்திலேயே மறையும் வெற்றுப் பளபளப்பைக் குறிப்பது. கல்லூரியில் சக ஆங்கில ஆசிரியர் எத்தனையோ இளங்கவிஞர்களை அந்தத் தொடரால் தீர்த்துக்கட்டியதைக் கேட்டிருக்கிறேன். அதன் பிறப்பிடத்தை அன்று கண்ணால் கண்டேன். 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' என்று அவர்கள் சொல்வதும் இதே துப்பாக்கியின் மூன்று பாகங்கள்தான். பயன்பாடு போன பின்னும் கருவிகள் மொழியில் எலும்பாகத் தங்கிவிடுகின்றன.

பெரியவர் திட்டவில்லை, வருந்தவுமில்லை. பற்றுவாயை ஒரு கம்பியால் குத்தித் துடைத்தார். "இந்தப் பருவத்தில் மானுக்கும் ஒரு வாக்கு உண்டு" என்றார்.

*

அந்த வாசகம் அழகானது. அழகான வாசகங்களைச் சந்தேகிப்பது இலக்கிய மாணவனின் கடமை. மான் எங்கே வாக்களித்தது? ஈரம் வாக்களித்தது. மான் தப்பியது விபத்து. ஆனால் அந்த விபத்துக்கு இடம்வைத்து ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறதே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

இங்கே மீண்டும் கூப்பரிடம் போக வேண்டும். 'பயனியர்ஸ்' நாவலின் நடுவே புறாவேட்டைக் காட்சி ஒன்று வருகிறது. வானத்தை மறைத்துப் பறக்கும் பயணப்புறாக் கூட்டத்தின் மீது ஊரே திரண்டு சுடுகிறது. சிறு பீரங்கி ஒன்றைக்கூட இழுத்துவந்து சுடுகிறார்கள். நிலமெங்கும் பறவைகள் துடிக்கின்றன. நாட்டி பம்ப்போ ஒரே குண்டால் ஒரே புறாவை வீழ்த்தி எடுத்துக்கொண்டு, இந்த வீணடிப்பைக் கண்டித்துவிட்டு விலகுகிறான். இது 1823இல் எழுதப்பட்டது. கோடிக்கணக்கில் இருந்த அந்தப் பறவையினத்தின் கடைசி உயிர் 1914இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது.

ஆனால் நாவல் நாட்டியைப் புனிதனாக்கி நின்றுவிடவில்லை. காட்டைக் காக்கச் சட்டம் வேண்டும் என்கிறார் நீதிபதி. தடைக்காலத்தில் மானைக் கொல்லக் கூடாது என்ற சட்டமும் வருகிறது. அந்தச் சட்டத்தில் முதலில் சிக்குகிறவன் யார்? புறாக்களைப் பீரங்கியால் சுட்ட ஊரார் அல்லர். தேவைக்கு மேல் ஒரு குண்டும் வீணாக்காத நாட்டிதான், ஏரியில் நீந்திய கலைமானைத் தடைக்காலத்தில் கத்தியால் கொன்றதற்காக வழக்கில் மாட்டுகிறான். வாரண்டோடு வருபவர்களைத் தடுத்ததற்காகச் சிறைக்குப் போகிறான். கடைசியில் மேற்கு நோக்கி நடந்து மறைகிறான்.

நம் மனம் இயல்பாகவே நாட்டியின் பக்கம் சாயும். சட்டத்தைவிடத் தற்கட்டுப்பாடு உயர்ந்தது என்று வகுப்பில் முழங்குவதும் எளிது. வரலாறு அந்தச் சொகுசை நமக்குத் தரவில்லை. நாட்டியைப் போன்ற தற்கட்டுப்பாடு உடையவர்கள் சிலர்; சந்தைக்காக வேட்டையாடியவர்கள் பலர். மான்தோல் பதினெட்டாம் நூற்றாண்டின் அமெரிக்க எல்லைப்புறங்களில் நாணயம் போலவே கைமாறியது. இன்றும் டாலருக்கு 'பக்' என்று பெயர் வழங்குவது அதனால்தான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதிலும் வெள்ளைவால் மான்கள் ஏறத்தாழ ஐந்து லட்சமாகச் சுருங்கிவிட்டன என்பது பொதுவான மதிப்பீடு. பென்சில்வேனியாவில் அநேகமாக அற்றே போயின. 1895இல் அங்கே வேட்டை ஆணையம் அமைந்தது. 1906 முதல் பிற மாநிலங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து காடுகளில் விட்டார்கள். 1937ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்குமான வரிப்பணத்தைக் காட்டுயிர் மீட்புக்குத் திருப்பியது. இன்று நாடு முழுவதும் சுமார் மூன்று கோடி மான்கள். 2023–24 பருவத்தில் பென்சில்வேனியாவில் மட்டும் வேட்டையில் விழுந்தவை நான்கு லட்சத்துக்கும் மேல்.

ஓநாயும் மலைச்சிங்கமும் அழிந்த காட்டில் மான் பெருகினால் காடு மேலெழாது. முளைக்கும் கன்றுகளையெல்லாம் அவை மேய்ந்துவிடும். இளமையில் ஓநாயைச் சுட்டு மகிழ்ந்த ஆல்டோ லியோபோல்ட், மான்களால் மொட்டையான மலைகளைக் கண்டு பின்னாளில் மனம் மாறி எழுதியது 1949இல் வெளியான அவருடைய நூலில் இருக்கிறது. வேட்டை விளையாட்டில் நடுவர் இல்லை, ஆகவே வேட்டைக்காரனின் அறம் பார்வையாளரே இல்லாத அறம் என்ற பொருளில் அவர் பேசுவதும் அதே நூலில்தான். கருவிகள் பெருகப்பெருக அந்த அறம் தேய்கிறது என்பது அவர் கவலை.

இந்தப் பின்னணியில் 1974இன் அந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போது, அது எனக்கு 'பயனியர்ஸ்' நாவலின் எழுதப்படாத கடைசி அத்தியாயமாகத் தோன்றுகிறது. நீதிபதியின் சட்டமும் நாட்டியின் துப்பாக்கியும் ஒரே விதிக்குள் வந்துவிட்டன. தற்கட்டுப்பாட்டை உபதேசத்தில் விடாமல் கருவிக்குள்ளேயே பூட்டி வைக்கிறது இந்தச் சட்டம். ஒரு குண்டுதான். அருகே போக வேண்டும். காத்திருக்க வேண்டும். மழையானால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். மனிதனின் நல்லெண்ணத்தை நம்பாமல், நல்லெண்ணம் உள்ளவன் எப்படி நடந்துகொள்வானோ அப்படி நடக்க அவனை நிர்ப்பந்திக்கிறது.

*

ஆனால் எந்தக் கட்டுக்கும் ஒரு கள்ளச்சாவி வரும். 1985இல் மிசௌரியைச் சேர்ந்த டோனி நைட் என்பவர் சந்தைக்குக் கொண்டுவந்த ஒரு துப்பாக்கி இந்தத் துறையையே மாற்றியது. 'இன்லைன்' என்று பெயர். சட்டத்தின் சொல்லுக்கு அது கட்டுப்பட்டதே: மருந்தும் குண்டும் குழலின் வாய்வழியேதான் இறங்குகின்றன. ஆனால் பொறி, குழலுக்கு நேர்பின்னே மூடிய அறையில் பிறக்கிறது. அந்த வழியில் வந்த இன்றைய துப்பாக்கிகளில் மருந்து மாத்திரை வடிவில் கிடைக்கிறது, மேலே தொலைநோக்கி இருக்கிறது, இருநூறு கஜத்தில் நிற்கும் மானுக்குக் குறிபார்க்க முடிகிறது. பல மாநிலங்கள் பழம் முறைக்கென்று ஒதுக்கிய பருவங்களில் இவற்றை அனுமதித்துவிட்டன. கொலராடோ போன்ற சில, தொலைநோக்கி கூடாது, மாத்திரை மருந்து கூடாது என்று எல்லை வகுத்தன. பென்சில்வேனியா அக்டோபரில் ஒரு சிறு பருவத்தை இன்லைனுக்கும் திறந்து, பின்பருவத்தை மட்டும் கல்லுக்கே வைத்துக்கொண்டது.

நான் யாப்பு நடத்துகிறவன். யாப்பு என்றால் கட்டு. தளை வேண்டாம், ஈற்றடி முச்சீராக இருக்க வேண்டாம், நான்கு வரி இருக்கிறது, ஆகவே இதையும் வெண்பாப் போட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் வந்தால் என்ன சொல்வேன்? புதுக்கவிதை எழுதுங்கள், ரசித்துப் படிக்கிறேன், ஆனால் அதை வெண்பா என்று அழைக்காதீர்கள் என்பேன். இன்லைன் துப்பாக்கியின் மீது எனக்குப் புகார் இல்லை. நவம்பரில் நவீனத் துப்பாக்கியோடு போகிறவன் மீதும் இல்லை. கட்டின் பெயரில் சலுகையை வாங்கிக்கொண்டு கட்டை மட்டும் அவிழ்த்துவிடும் தந்திரத்தின் மீதுதான் புகார். விதியின் சொல்லைக் காப்பாற்றி விதியின் காரணத்தைக் கொல்வது அது. நம் மரபுப் பெருமைகள் பலவற்றிலும் இந்தக் கைவேலை நடப்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

*

இதுவரை எழுதியதை எதிர்த்து வலுவான ஒரு வாதம் உண்டு. அதைத் தவிர்த்துவிட்டுப் போனால் நேர்மையாகாது. வெண்பாவில் தளை தட்டினால் யாருக்கும் ரத்தம் வருவதில்லை. இங்கே வரும். இன்லைன்காரர் கேட்கலாம்: உங்கள் அழகியல் கட்டுப்பாட்டுக்காக ஒரு மான் ஏன் அரைகுறைக் காயத்தோடு புதருக்குள் கிடந்து சாக வேண்டும்? துல்லியமான கருவி இருக்கும்போது துல்லியமற்றதை எடுப்பது, மானின் வலிக்கு மேல் வேடனின் கற்பனையை வைப்பதல்லவா?

திரும்பும் வழியில் பெரியவரே இதைத் தொட்டார். பல ஆண்டுகளுக்கு முன், தூரம் அதிகம் என்று தெரிந்தே அவர் ஒருமுறை சுட்டிருக்கிறார். பெண்மான். விசைக்கும் வெடிக்கும் இடையிலான அந்தக் கணத்தில் அது ஓரடி எடுத்து வைத்தது. பனியில் ரத்தத் தடத்தை இருட்டும்வரை தொடர்ந்தார். விளக்கோடு மீண்டும் போனார். இரவில் புதுப்பனி விழுந்து தடத்தை மூடிவிட்டது. மறுநாளும் தேடினார். கிடைக்கவில்லை. "அன்றிலிருந்து நாற்பது தப்படிக்கு மேல் நான் துப்பாக்கியைத் தூக்குவதில்லை" என்றார். அதனால் பல ஆண்டுகள் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்.

அவர் சொல்லாத இன்னொன்றை நான் கேட்டேன். நவம்பரில் இணைசேர்ந்தால் ஜனவரியில் பெண்மான்கள் சினையாக இருக்குமே? ஆம் என்றார். வயிற்றைக் கீறும்போது கண்டிருக்கிறார். "அக்டோபரில் கொன்ற பெண்மானின் குட்டிகளும் பிறக்கப்போவதில்லைதான். கணக்கு ஒன்றுதான். ஆனால் ஜனவரியில் அது கண்ணுக்குத் தெரிகிறது." சற்று நடந்துவிட்டுச் சொன்னார்: "அதைப் பார்த்த நாளிலிருந்து இதை விளையாட்டு என்று சொல்வதை விட்டுவிட்டேன்."

கணக்கில் அவர் சொன்னது சரி. எனக்கு மறுப்பில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிவது என்பதும் ஒரு கணக்கு என்றே நினைக்கிறேன். இருநூறு கஜத்தில் தொலைநோக்கிக்குள் தெரியும் மானுக்கும், அதன் மூச்சு புகைவது தெரியும் தூரத்தில் நிற்கும் மானுக்கும் இடையே உடற்கூற்றில் வேற்றுமை இல்லை. வேற்றுமை சுடுகிறவனிடம் இருக்கிறது. அருகே வர நிர்ப்பந்திக்கும் கருவி, தான் செய்வது என்ன என்பதைப் பார்க்கவும் நிர்ப்பந்திக்கிறது. காயப்படுத்துவது பெரும்பாலும் துப்பாக்கியின் வயதன்று, தூரத்தைப் பற்றிய பேராசை. நாற்பது தப்படியில் கல்துப்பாக்கி போதும். முந்நூறு கஜத்தில் தொலைநோக்கியும் போதாது. ஆகவே இன்லைன்காரரின் வாதத்துக்கு என் பதில் இதுதான்: பழைய துப்பாக்கி, சுடாமல் விட்ட தருணங்களைப் பெருக்குமானால் மட்டுமே அதற்கு அறம் உண்டு. பழமையின் கவர்ச்சிக்காக எடுத்துக்கொண்டு எண்பது தப்படியிலும் சுட்டுப் பார்ப்பவனிடம் அது வெறும் வேடம். மானுக்கு அந்த வேடம் கொடியது. அவனுக்கு இன்லைனே மேல்.

இதை வாசிக்கும் நண்பர்களில் சிலர், கொலையில் என்ன அறம் என்று கேட்பார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை குற்றம். நம் காடுகளின் நிலையில் அது சரியே. ஆனால் அந்தச் சட்டத்தின் நிழலில் நின்றுகொண்டு பெரியவரைவிட நான் கருணையுள்ளவன் என்று சொல்ல எனக்குக் கூசுகிறது. நான் கடைப்பக்கம் போகாதவன். கறி சாப்பிடாதவன் அல்லன். ஞாயிற்றுக்கிழமை என் தட்டுக்கு வரும் ஆடு சினையா இல்லையா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கும் அதற்கும் இடையிலான தூரம் இருநூறு கஜத்தைவிட அதிகம்.

*

புறநானூற்றின் 152ஆம் பாட்டு வல்வில் ஓரியின் வேட்டையைப் பாடுவது, பாடியவர் வன்பரணர். அவன் எய்த ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இதை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் சிரிப்பு எழும். ஊருக்குத் திரும்பிய பின் நடத்தியபோதும் எழுந்தது. வழக்கமாக உயர்வு நவிற்சி என்று விளக்கிவிட்டு, பசித்த பாணர் கூட்டத்துக்கு ஊனும் பொன்னும் கொடுத்த அவன் வள்ளன்மைக்குப் போய்விடுவேன். அன்று கொஞ்சம் நின்றேன். புலவரின் வியப்பு ஐந்து உயிர்களின் மீது மட்டுமா, அல்லது ஒரே அம்பின் மீதா? ஒன்றைத்தான் தொடுத்தான் என்பதில் ஏன் அவருக்கு அத்தனை மதிப்பு? மாணவர்களிடம் கேட்டேன். ஒரு மாணவி, "பல அம்பு விட்டிருந்தா அதுலே பாடறதுக்கு என்ன இருக்குங்க ஐயா?" என்றாள். கூப்பரின் முதல் அத்தியாயத்துக்கு அதைவிட நல்ல உரையை நான் படித்ததில்லை.

அந்த ஜனவரி நாளில் வெளிச்சம் மங்கும்வரை இருந்தோம். வேறு மான் வரவில்லை. காரருகே வந்ததும் பெரியவர் கிண்ணத்தைத் திறந்து, துப்பாக்கியைச் சாய்த்து, மீண்டும் இட்டிருந்த சிட்டிகை மருந்தைப் பனியில் தட்டிவிட்டார். வெண்மையில் ஒரு கரும்புள்ளி. அந்த மாநிலச் சட்டப்படி அத்துடன் துப்பாக்கி காலி. குழலின் அடியில் மருந்தும் குண்டும் அப்படியே இருந்தன.